சேவல் நடை

அந்த வீடியோவை எடுத்தது நான்தான். இதை நான் ஆலையில் யாரிடமும் மறைத்ததில்லை. இப்போது மறைக்கவும் முடியாது, விசாரணைக் கோப்பில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

மொத்தமே பதினான்கு விநாடி. மதிய சாப்பாட்டு நேரம். அரைவைக் கொட்டகையிலிருந்து கை கழுவும் குழாய் வரைக்கும் என் மச்சான் நடந்து வருகிறார், அவ்வளவுதான். அக்காவின் கணவர். நாங்கள் இருவரும் ஒரே ஆலையில் வேலை. கறுப்புக் கல்லை அரைத்து மாவாக்கும் ஆலை அது. கல்லின் பெயர் மாங்கனீசு. மாவு மூட்டை மூட்டையாக பேட்டரி செய்யும் கம்பெனிகளுக்குப் போகும். குழாய் வழியாகக் கொட்டும் மாவைச் சாக்கில் பிடித்து, தைத்து, அடுக்கும் இடத்தில் மச்சான் பதினொரு வருஷமாக நின்றார். நான் வாசலோரம் எடைமேடையில், கண்ணாடி அறைக்குள். லாரி ஏறினால் ஒரு எண், இறங்கினால் ஒரு எண், அதுதான் என் வேலை. அந்த வேலையை மேனேஜரிடம் பேசி வாங்கிக் கொடுத்ததே மச்சான்தான்.

கொட்டகை ஆட்கள் வெளியே வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். கம்பெனி கொடுத்த துணி முகமூடி அரைமணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டும். கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மாவுதானே, குளித்தால் போய்விடும்.

மச்சானின் நடை மாறி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. குதிகால் தரையில் படாது. முன்பாதத்தை ஊன்றி ஊன்றி நடப்பார். முதுகு கம்பி மாதிரி நிற்கும், இரண்டு முழங்கையும் மடங்கி விலாவோடு ஒட்டியிருக்கும், ஒவ்வொரு அடிக்கும் தலை ஒரு வெட்டு வெட்டும். முகத்தில் மட்டும் ஒரு சுருக்கம்கூட அசையாது. அவர் எப்போதுமே அதிகம் பேசாத ஆள். அதனால் முகம் அப்படிக் கல்லாகிப் போனது எங்களுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் போடும் கையெழுத்து மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். பேனாவில் மை மிச்சம் பிடிக்கிறீர்களா என்று கிண்டல்கூட செய்தேன்.

அன்றைக்கு அவர் முற்றத்தைக் கடந்து வந்தபோது என் கையில் போன் இருந்தது. எடுத்தேன். கொட்டகை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே "சேவல் மேயக் கிளம்பிருச்சு" என்று எழுதி, மூன்று சிரிக்கும் முகம் வைத்தேன். அதோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். குழுவில் மச்சான் இல்லை, அவருடைய போன் பட்டன் தேய்ந்த பழைய போன். வீடியோ எல்லாம் அதில் திறக்காது.

லோடு ஏற்றும் ஆள் ஒருவர் அதைத் தன் மச்சினனுக்கு அனுப்பினார். அந்த மச்சினன் தன் நண்பர்களுக்கு. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ஒரு மேளச் சத்தம் சேர்த்தான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடி. அது சேர்ந்த பிறகுதான் அதற்கு இறக்கை முளைத்தது. ஒரு சலூனில் கழுத்தில் துண்டோடு ஒருவர் அதே மாதிரி நடந்து காட்டினார். பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நர்சுகள். பிறகு ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும். கைமாறக் கைமாற அதுவும் மாறிக்கொண்டே போனது. ஒருவர் கடைசியில் தோளை ஒரு உலுக்கு உலுக்கினார், அடுத்து வந்தவர்கள் எல்லோரும் உலுக்கினார்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டார், அதுவும் ஒட்டிக்கொண்டது. முகத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. சிரிக்காமல் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது என்று எழுதினார்கள். சிரித்துவிட்டால் தோற்றாய், மறுபடியும் முதலிலிருந்து நட. அப்படி ஒரு போட்டியே நடந்தது.

மூன்றாவது வாரம், காய்கறிக்காரர் தராசைப் பிடித்தபடி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களா, சேவலு?" என்று கேட்டார். என் மச்சானை எனக்கே காட்டுகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதுதான். நான் எடுத்தது என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் நம்பவில்லை.

மச்சான் அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்களுக்கு ஒரே மகள், அப்போது பதினொரு வயது. பள்ளியில் எல்லோரும் அந்த நடையை நடக்கிறார்கள், அது தன் அப்பா என்று சொல்லி அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். அக்காவின் போனை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் மடியில் வைத்தாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார். பதினான்கு விநாடி ஓடி முடிந்தது. திரும்பவும் போடச் சொன்னார். அதுவும் முடிந்தது. பிறகு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் இப்படியா நடக்கறேன்?"

ஆமாம் மச்சான், கொஞ்சம் அப்படித்தான் என்றேன்.

"எத்தனை நாளா?"

அக்கா சமையலறை வாசலில் நின்று சிரித்தாள். நாலைந்து மாதமாக என்றும், ஏதோ திமிர் ஏறிவிட்டது என்று தான் நினைத்ததாகவும் சொன்னாள். அவர் எழுந்தார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்து பார்த்தார். கீழே குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு குதிகாலைத் தரையில் வைக்கப் பார்த்தார். நாலு தடவை போய் வந்தார். குதிகால் இறங்கவில்லை. மகள் பின்னாலேயே அதே மாதிரி நடந்து போனாள், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

"செருப்பு சரியில்ல போல," என்றார். அன்று சாயங்காலமே புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

ஆலையில் அவருக்கு மரியாதை கூடியது. வாசல் காவலாளி சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். லாரி டிரைவர்கள் இறங்கி வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் கொட்டகைப் பக்கம் வருவதே அபூர்வம், அவரே வந்து தோளில் தட்டினார். வருஷக் கூட்டத்தில் மேடையேற்றினார்கள். குடும்பத்தோடு முந்நூறு பேர் கீழே. மேளச் சத்தம் ஸ்பீக்கரில் இடிக்க, மச்சான் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேனேஜர் ஒரு கண்ணாடிக் கேடயத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தவர், நட்டுவைத்த பலகை சாய்கிற மாதிரி அப்படியே மல்லாக்க விழுந்தார். கை ஊன்றவில்லை, முழங்கால் மடியவில்லை. கேடயம் நெஞ்சின் மேலேயே இருந்தது.

கூட்டம் இரண்டு மடங்கு கைதட்டியது. அதையும் பத்துப் பேர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த நடைகள் எல்லாம் மல்லாக்க விழுவதோடு முடிந்தன, பின்னால் மெத்தை போட்டுக்கொண்டு. ஒரு சினிமாப் பாட்டில் கதாநாயகன் நாற்பது பேரோடு அப்படி விழுந்தான். தியேட்டரில் அந்த இடத்தில் விசில் பறந்தது.

ஒரு செருப்புக் கம்பெனியிலிருந்து விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். பெரிய கூடம், தரையும் சுவரும் ஒரே வெள்ளைத் துணி. டான்ஸ் மாஸ்டர் ரொம்ப மரியாதையான மனுஷர். மச்சானை ஐயா என்றுதான் கூப்பிட்டார். எண்ணி முடித்ததும் நடக்கச் சொன்னார்கள். மச்சான் நின்ற இடத்திலேயே நின்றார். கால் ஒட்டிக்கொண்ட மாதிரி. மூன்று தடவை எண்ணினார்கள். பிறகு கிளம்பினார், கிளம்பியதும் நிறுத்த முடியாமல் நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு நாடாவைத் தாண்டிப் போய் விளக்குக் கம்பத்தில் மோதினார். திரும்பச் சொன்னால் கடிகார முள் மாதிரி சின்னச் சின்னதாகப் பத்து அடி வைத்துத் திரும்பினார்.

"ஐயா, வீடியோல பண்ணின மாதிரியே பண்ணுங்க," என்றார் மாஸ்டர். "இது வேற மாதிரி இருக்கு."

கடைசியில் மாஸ்டரின் உதவியாளர் நடந்து காட்டினார். பிசிறே இல்லை. குதிகால் காற்றில் மிதந்தது, தலை வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. அவரையே வைத்து எடுத்துவிட்டார்கள். மச்சானை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கொஞ்சம் எடுத்தார்கள், விளம்பரத்தில் அது வரவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், "அந்தத் தம்பி நல்லா பண்றாரு," என்றார். குரல் அவ்வளவு மெலிந்திருந்தது, நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் எடைமேடை அறையில் இருக்கும்போது ஒரு போன் வந்தது. ஒரு பெண். தையல் வேலை செய்கிறவர், வேறு ஏதோ ஊர். வீடியோவை யார் யார் போட்டிருக்கிறார்களோ அவர்கள் எல்லோரின் பதிவுக்குக் கீழும், இவர் யார், என்ன வேலை பார்க்கிறார் என்று இரண்டு மாதமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். எல்லோரும் சிரிக்கும் முகம் வைத்துப் போய்விட்டார்கள். கடைசியில் எங்கள் லோடு ஆள் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருந்தார்.

"அவர் நடிக்கறாரா, இல்ல நடையே அதுதானா?" என்று கேட்டார்.

நடையே அதுதான் என்றேன்.

"என்ன வேலை?"

சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. தன் கணவர் பதினைந்து வருஷம் இரும்பு உருக்கும் உலையில் வேலை பார்த்தார், அங்கேயும் இதே கல்லைத்தான் கொட்டுவார்கள், அவரும் இப்படித்தான் நடந்தார், இப்போது படுக்கையோடு இருக்கிறார் என்றார். அழவில்லை. துணிக்கு அளவு சொல்கிற மாதிரி சொன்னார்.

"மேடையில பின்னாடி விழுந்தாரே, அது வழுக்கி விழுந்தது இல்லைங்க. வீட்ல வச்சு அவரைப் பின்பக்கமா நடக்கச் சொல்லிப் பாருங்க. ஆனா நீங்க பின்னால நின்னுக்குங்க."

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய் அப்படியே செய்தேன். அக்கா இது என்ன புது ஸ்டெப்பா என்று கேட்டாள். மச்சான் ஒரு அடிதான் பின்னால் வைத்தார். முழு உடம்பும் என் நெஞ்சின் மேல் சாய்ந்தது. அவருக்குத் தடுமாற்றம்கூட இல்லை, கையைத் தூக்கவில்லை. நான் இல்லாவிட்டால் மண்டை தரையில் மோதியிருக்கும். அக்கா கையிலிருந்த டம்ளரை மெதுவாக ஜன்னல் திட்டின் மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த நடையைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

நரம்பு டாக்டரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண். மச்சான் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் டாக்டரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோனது. தன் மகளும் இதைச் செய்வாள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார். ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை ஐந்து தடவை எழுதச் சொன்னார். முதல் பெயரைப் படிக்க முடிந்தது. ஐந்தாவது, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. பிறகு மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் நடுவில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி, இந்தத் தூள் மூச்சு வழியாகப் போய் அங்கே தங்கிவிட்டது என்றார். மருந்தால் இதைத் திருப்ப முடியாது. இனி ஒரு நாள்கூட அந்தக் கொட்டகைக்குள் போகக் கூடாது.

மச்சான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கூட வேலை செய்கிறவர்களுக்கும் வருமா என்று. வரலாம், யாராவது இவரைப் போல நடக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

எல்லோருமேதான் நடந்தார்கள். ஆறு மாதமாகக் கொட்டகையிலிருந்து குழாய்க்கு வருகிற எல்லோரும் சேவல் நடைதான். ஷிப்ட் முடிந்தால் வரிசையாக அப்படியே வாசல் வரை வருவார்கள். மேஸ்திரி கைதட்டித் தாளம் போடுவார்.

அடுத்த நாள் எடைமேடைக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டமாக நடந்து வந்தார்கள். குழாயருகே வந்ததும் விளையாட்டை விட்டுவிட்டுச் சாதாரணமாக நின்றார்கள். ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். நாலு பேர் விடவில்லை. அதில் ஒருவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர், வாயைத் திறக்காத ஆள் என்பதால் வைத்தது. மச்சானுக்கு அடுத்தபடி அச்சு அசலாக நடக்கிறவர் அவர்தான் என்று எல்லோரும் பாராட்டுவோம். முகத்தைக்கூட அப்படியே வைத்திருக்கிறார் என்போம்.

நான் வெளியே போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். போதும், விளையாட்டை விடுங்கள், ஒரு நிமிஷம் சாதாரணமாக நடந்து காட்டுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை.

"நான் எங்க விளையாடறேன்? சாதாரணமாத்தான் வர்றேன்," என்றார்.

மச்சானோடு சேர்த்து ஐந்து பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். அந்தத் தையல்காரப் பெண் தன் கணவரின் மருத்துவக் காகிதங்களை எல்லாம் நகல் எடுத்து அனுப்பிவைத்தார். விசாரணைக்கு எட்டு மாதம் ஆனது. அதற்குள் மச்சானால் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. ஆலை நிர்வாகம் அவசரப்படவில்லை. அவர்களிடம் கெட்டிக்கார வக்கீல் இருந்தார்.

விசாரணை அறை சின்னது. ஒரு மேஜை, சுவரில் ஒரு டிவி, பத்து பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டர் வந்து ஸ்கேன் படங்களைக் காட்டிப் பேசினார். ஈரல் கெட்டவர்களுக்கும் மூளையில் இப்படி வெள்ளையாகத் தெரியலாம் அல்லவா என்று வக்கீல் கேட்டார். தெரியலாம், ஆனால் இவர்களுக்கு ஈரலில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னார். வக்கீல் நன்றி சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு வீடியோ. சலூன்காரர், நர்சுகள், மாப்பிள்ளையும் பெண்ணும், ஒரு பள்ளிக்கூட மைதானம் நிறையப் பிள்ளைகள், அந்தக் கதாநாயகன். எல்லோரும் முன்பாதத்தில் நடந்தார்கள். எல்லோரும் முகத்தைக் கல்லாக வைத்திருந்தார்கள். எல்லோரும் மல்லாக்க விழுந்தார்கள். மேளம் இடித்தது. சத்தத்தைக் குறைக்க அவர் கையே நீட்டவில்லை. விசாரணை அதிகாரியின் கால், அவருக்கே தெரியாமல், மேஜைக்கடியில் தாளம் போட்டது.

இவர்களில் யாருக்கு நோய் என்று வக்கீல் கேட்டார். நாடே நடக்கிற நடையை ஐந்து பேர் நடந்து காட்டி நோய் என்கிறார்கள், இதில் முதலாமவர் இதற்காக மேடையேறிப் பரிசு வாங்கியவர், விளம்பரத்துக்குப் போனவர் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் மச்சான் தரப்பில் சாட்சி சொல்லத்தான் போயிருந்தேன். மூடிக் கிடக்கும் கொட்டகை, அடைத்துப்போகும் முகமூடி, இதையெல்லாம் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"முதல் வீடியோவை எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்."

"அனுப்பும்போது கீழ என்ன எழுதினீங்க? படிங்க."

ஆதாரத்துக்காக வாங்கி வைத்திருந்த என் போனை என்னிடமே கொடுத்தார்கள். படித்தேன். மூன்று சிரிக்கும் முகத்தையும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எடுக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லைன்னு நினைச்சீங்களா?"

மச்சான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. அக்காவுக்குப் பக்கத்தில் அவள் மகள், பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த வீடியோவை எடுத்தது நான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றேன்.

"வேற என்ன நினைச்சீங்க?"

"வேடிக்கையா இருக்குன்னு நினைச்சேன்."

பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்துதான் எடுத்தேன், ஆதாரத்துக்காக எடுத்தேன் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அக்கா மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே எடுத்தேன் என்று அவள் காதில் விழுவதற்கு இது மேல் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். யாருக்கு நல்லது செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. அதிகாரி மோசமான மனுஷர் இல்லை. ஸ்கேன் விஷயத்தை ஒதுக்க முடியாது, அதே சமயம் வேலையால்தான் வந்தது என்று ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை, அதனால் நஷ்டஈடு இல்லை என்று எழுதியிருந்தார். ஆலை நல்ல முகமூடி கொடுக்க வேண்டும், கொட்டகையில் தூசியை வெளியே இழுக்கும் விசிறி வைக்க வேண்டும். ஆலை வைத்தது. அந்த ஐந்து பேரையும் உடல் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டது. அவர்கள் இடத்தில் நின்றவர்கள் புது ஆட்கள். அவர்களுக்குச் சேவல் நடை என்றால் ஒரு பழைய பாட்டில் வரும் ஸ்டெப், அவ்வளவுதான். பூட்டு, தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். போன வருஷம் மாடிப்படியில் பின்பக்கமாக விழுந்து இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். தையல்காரப் பெண்ணின் கணவரும் அதே வருஷம் போய்விட்டார். அந்த அம்மா இன்னும் எப்போதாவது போன் செய்து மச்சானால் சாப்பாட்டை விழுங்க முடிகிறதா, விழுங்கும்போது இருமுகிறாரா என்று கேட்பார்.

தீர்ப்பு வந்த சமயத்திலேயே வேறு ஒன்று வந்துவிட்டிருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துத் தோளை ஆட்டுகிற ஒன்று. அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தோளுக்கு என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒருநாள் மச்சானை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். அப்போது அவரால் ஒருவர் கைப்பிடித்தால் நடக்க முடிந்தது. இறங்குவதற்காக அவர் முன்பாதத்தில் எழுந்து வந்தபோது, ஜன்னலோரம் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் பார்த்தார்கள்.

"இவரு இன்னும் இதையே பண்ணிட்டிருக்காரு," என்றாள் ஒருத்தி.

"பாவம், பழசுடி அது," என்றாள் மற்றவள். இருவரும் போனைக்கூட எடுக்கவில்லை.

நான் ஆலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் எடை போடுகிறேன். அக்கா பக்கத்திலிருக்கும் ஒரு பள்ளியில் சமையல் வேலைக்குப் போகிறாள். காலையில் பக்கத்து வீட்டில் ஒருவர் எட்டிப் பார்ப்பார், மதியத்துக்கு மேல் மச்சானைப் பார்த்துக்கொள்வது மகள்தான். காலைப் பள்ளி முடிந்து பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவாள். பதினான்கு வயது. என்னோடு தேவைக்கு மட்டும் பேசுவாள். மருந்து தீர்ந்துவிட்டது, சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்கவில்லை, இப்படி. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை வராது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் மதியம் போயிருந்தேன். மச்சான் கழிவறைக்குப் போக வேண்டும் என்று கண்ணால் காட்டினார். நான் எழுந்து கதவருகே போய், தாங்கிக்கொள்ளத் தயாராக எதிரே நின்றேன். அவள் அவரை எழுப்பி நிறுத்தினாள். அவர் கதவு வரை வந்து, நிலைப்படிக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாங்க மச்சான், வாங்க என்று கையை நீட்டினேன். நீட்ட நீட்ட அவர் இன்னும் இறுகினார்.

அவள் என்னைப் பார்க்காமல் குனிந்து, தன் வலது காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தாள். தாண்டுவதற்கு ஒன்று எதிரே இருந்தால் அவருக்குக் கால் எழும் என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "எதிர்ல ஆள் நின்னு பாத்துட்டிருந்தா அப்பாவுக்குக் கால் வராது."

நான் தள்ளி நின்றேன்.